தேம்ஸில் போகி

இந்தத் துடுப்புப் படகுப் பயணம் டிசம்பரிலேயே போயிருக்க வேண்டியது. இரண்டு முறை நாள் குறித்தோம், இரண்டு முறையும் மழை கெடுத்தது. தேம்ஸில் வெள்ளம் கூடினால் லாக் (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும், கதவு வைத்த தொட்டி) கதவுகளில் சிவப்புப் பலகை மாட்டிவிடுவார்கள். அதன் பிறகு எங்கள் கிளப்பில் யாரும் படகைத் தொடக்கூடாது. ஒருவழியாக ஜனவரியில் பலகை இறங்கியது. ஆக்ஸ்போர்டின் ஃபாலி பாலத்தில் தொடங்கி அபிங்டன் வரை, சுமார் 12 கிலோமீட்டர்.

காலை ஒன்பதரைக்கு 2 டிகிரி. நாங்கள் நாலு பேர் துடுப்பு போட, காக்ஸ், அதாவது படகுக்கு வழிகாட்டுகிறவர், சுக்கான் பிடித்தார். கையுறை போட்டால் துடுப்பு நழுவும் என்பதால் குளிர்காலத்தில் வேறொன்று மாட்டுவார்கள். துடுப்பின் பிடிக்குத் தலையணை உறை மாதிரி ஒரு துணிப்பை. பக்கத்தில் இருக்கும் ஓட்டை வழியாகக் கையை விட்டு வெறும் விரலால் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் போகி! மறுநாள்தான் ஊரில் போகி. சிரித்தது நான் மட்டும்தான்.

இஃப்லியில் முதல் லாக். 1631-லேயே இங்கே லாக் கட்டிவிட்டார்களாம். அங்கே இறக்கம் கொஞ்சம்தான், சீக்கிரம் வெளியே வந்துவிட்டோம். அதுவரை உடம்பு நன்றாகச் சூடாகவே இருந்தது.

சாண்ட்ஃபோர்டுக்குச் சற்று முன்னால், அணைக்கட்டுப் பக்கம் ஒரு கல்தூண் நிற்கிறது. அந்தச் சுழலில் 1843, 1872, 1921 ஆகிய ஆண்டுகளில் மூழ்கிப்போன ஐந்து கல்லூரி மாணவர்களின் நினைவாக வைத்தது. அதைத் தாண்டும்வரை படகில் யாரும் பேசவில்லை.

சாண்ட்ஃபோர்டு லாக் கிட்டத்தட்ட 9 அடி இறக்கம். குளிர்காலத்தில் காவலாளி இல்லை. காக்ஸே கரையேறிப் பொத்தானை அழுத்தினார். தண்ணீர் வடிய வடிய, பாசி பிடித்த சுவர் இருபுறமும் உயர்ந்துகொண்டே போகிறது, கிணற்றுக்குள் இறக்கிவிட்ட மாதிரி. படகு சுவரில் இடிக்காமல் தள்ளிப் பிடிக்கக் கையை உருவினேன். போகியும் கூடவே கழன்று தண்ணீரில் விழுந்தது. கொக்கிக் கம்பால் அதை எடுத்துக் கொடுத்தபோது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

ஈரத்துணிக்குள் கையை விட்டுத் துடுப்பு போட முடியாது என்று என்னைக் காக்ஸ் இருக்கையில் உட்கார வைத்தார்கள். கருணை என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, படகிலேயே அதிகம் குளிர்கிற ஆள் காக்ஸ்தான். அசையாமல் உட்கார்ந்து எதிர்க்காற்றை வாங்க வேண்டும். கால்மணி நேரத்தில் கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே சந்தேகம்.

ஆனால் ஒன்று, துடுப்பு போடுகிறவர்களுக்கு முதுகுப்பக்கம்தான் பாதை. முன்னால் வருவதைப் பார்க்கக் கிடைப்பது காக்ஸுக்கு மட்டும். நியூனம் மேட்டில் இலையில்லாத மரங்கள், மேலே வட்டமடிக்கும் ரெட் கைட் பருந்து, கரையோரம் ஆட்கள் குடியிருக்கும் நீளப் படகுகள். அவற்றின் கரியடுப்புப் புகை ஆற்றின்மேல் தாழ்வாகப் படர்ந்திருந்தது. அந்த வாசனையில் சட்டென்று எங்கள் தெரு வந்துவிட்டது.

அபிங்டன் பாலத்தடியில் சூடான சிப்ஸ். நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியது. ஊரில் இரவு ஒன்பதரை, அம்மா போன் பண்ணினார்.

"நாளைக்குப் போகிடா. பழசு எதையாவது தூக்கிப் போட்டியா?"

"போட்டேம்மா, தண்ணியில. எடுத்துக் குடுத்துட்டாங்க."