இடது கை

ஜூன் 9
தையல் போட்ட இடம் இழுக்கிறது. பரிசோதனை முடிவு வர ஏழு நாள் ஆகுமாம், சில சமயம் பத்து. அதுவரை இடது கையால் டம்ளர்கூடத் தூக்கக் கூடாது. சரி, 'டாக்டர் ஹூ' பார்க்கலாம், அந்த பிரிட்டிஷ் டிவி தொடர். டாம் பேக்கர் கதாநாயகன் 'டாக்டராக' நடித்த காலத்து 'தி சீட்ஸ் ஆஃப் டூம்', 1976. ஆறு பாகம்.

அண்டார்டிகா பனிக்கடியிலிருந்து ஒரு காயைத் தோண்டி எடுக்கிறார்கள். எனக்குப் பலாப்பிஞ்சு மாதிரிதான் தெரிந்தது. புற ஊதா விளக்கின் கீழ் வைத்ததும் அது வெடித்து, உள்ளிருந்து ஒரு கொடி பாய்ந்து அங்கிருக்கும் ஆராய்ச்சியாளன் வின்லெட்டின் கையைப் பிடித்துக்கொள்கிறது.

கையைத்தான் பிடிக்க வேண்டுமா?

ஜூன் 10
தூக்கமில்லை.

ஜூன் 11
வின்லெட் உடம்பெல்லாம் பச்சை ஏறுகிறது. கையை எடுத்துவிடலாம் என்று முடிவாகி, கூட இருக்கும் மோபர்லி கருவிகளை எடுத்து வைக்கிறார். வின்லெட் முந்திக்கொண்டு எழுந்து அவர் கதையை முடித்துவிடுகிறான். இந்த இடத்தை மட்டும் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே எடுத்திருந்தால்?

அந்தக் காய்கள் ஜோடியாகத்தான் வருமாம். டாக்டர் தோண்டி இரண்டாவதையும் எடுக்கிறார்.

அண்டார்டிகா என்பது சர்ரேயில் உள்ள மணல் குவாரிதான். அப்படியும் குளிர்ந்தது.

ஜூன் 12
அக்கா ரசம் சாதம் கொண்டுவந்தாள். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, பாசி பிடிச்ச சாக்கு மூட்டை?" என்றாள். பெரிய தப்பில்லை. 1971இல் இதே தொடரின் வேறொரு கதையில் வந்த ஆக்ஸான் என்ற வேற்றுக்கிரகவாசிகளுக்குத் தைத்த பழைய உடுப்புக்குத்தான் பச்சை அடித்து, காயிலிருந்து வளரும் இந்த கிரைனாய்ட் ஆக்கினார்கள். சிரித்தேன். சிரித்தால் தையல் இழுக்கிறது.

"சும்மா சும்மா கையைத் தடவாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 13
இந்தக் கதையில் பயமுறுத்துவது கிரைனாய்ட் இல்லை, செடிப் பித்துப் பிடித்த பணக்காரர் ஹாரிசன் சேஸ். டோனி பெக்லி நடித்திருக்கிறார். கறுப்புக் கையுறை, தாழ்ந்த குரல், பெரிய மாளிகை (டார்செட்டில் உள்ள ஆதல்ஹாம்ப்டன்). போன்சாய் வளர்ப்பது செடிகளைச் சித்திரவதை செய்வதாம், மனம் பொறுக்கவில்லை அவருக்கு. ஆனால் மனிதர்களை உர இயந்திரத்தில் போட்டு அரைக்கலாம்! செடிகளுக்கென்றே உட்கார்ந்து இசை வாசிக்கிறார். அதற்காக அவரைப் பைத்தியம் என்று சொல்ல மாட்டேன். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர் டி.சி.சிங் 1960களில் செடிகளுக்கு இசை கேட்கவைத்துப் பரிசோதனை செய்தவர்தானே.

இரண்டாவது காய் சேஸிடம் வேலை பார்க்கும் தாவரவியலாளன் கீலருக்கு. அவனுக்கும் கைதான். குடிசையில் படுக்கவைத்துப் பச்சை இறைச்சி கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கெஞ்சுகிறான். சேஸுக்கோ அவன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று பார்க்கத்தான் ஆசை. அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அந்தச் சின்ன டாக்டர், "இன்ட்ரஸ்டிங்" என்று சொல்லிவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை.

ஜன்னலோரம் மணிபிளான்ட் ஒரு கணு நீண்டிருக்கிறது. திருப்பி வைத்தேன்.

ஜூன் 14
தையலுக்கு இரண்டு விரற்கடை மேலே. அழுத்தினால் நகர்கிறது. அக்காவிடம் சொல்லவில்லை.

ஜூன் 15
அன்றைக்கு, 1976இல், ஜனவரி 31 முதல் மார்ச் 6 வரை டிவியில் சனிக்கிழமைக்கு ஒரு பாகம். அந்தப் பிள்ளைகள் கீலர் என்ன ஆனான் என்று தெரியாமல் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறார்கள்.

ஆறாவது பாகத்தை இன்னும் பார்க்கவில்லை. சேஸ் தன் இயந்திரத்திலேயே விழுவார், விமானப்படை மாளிகையோடு சேர்த்துக் கிரைனாய்டைக் குண்டு போட்டு அழிக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்க்கக் கை வரவில்லை.

நகர்கிறதா, நான்தான் நகர்த்துகிறேனா?

ஜூன் 16
காலை 10.40க்குப் போன் வந்தது. முடிவு வந்துவிட்டதாம், நேரில் வரச் சொன்னார்கள். கூட ஒருவரைக் கூட்டி வாருங்கள் என்றார்களா, கூட்டி வரலாம் என்றார்களா? சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. அக்கா கீழே ஆட்டோவை நிறுத்தி