20 ஆண்டு வீட்டுக் கடனை 12 ஆண்டில் அடைத்த கணக்கு

20 ஆண்டுத் தவணையில் வாங்கிய எங்கள் வீட்டுக் கடன் 12ஆம் ஆண்டில் முடிந்தது. இரண்டு சம்பளம், இரண்டு பிள்ளைகள், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் மாமியார் என்று சாதாரணமான குடும்பம்தான். பரம்பரைச் சொத்தோ எதிர்பாராத பெரிய பணமோ எதுவும் வரவில்லை. எப்படி அடைத்தோம், எப்போது அடைக்காமல் நிறுத்தி வைத்தோம் என்பதை எழுதிவைத்தால் இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன். நிறுத்தி வைத்த கதைதான் இதில் முக்கியம் என்பது என் எண்ணம்.

கடன் வாங்கும்போது எல்லோரும் மாதத் தவணை எவ்வளவு என்று கேட்கிறோம். தவணை அட்டவணையை வரி வரியாகப் படிப்பவர்கள் குறைவு. எங்கள் வட்டி தொடக்கத்தில் 8.5 சதவீதம். இந்த வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை சுமார் 868. முதல் மாதத் தவணையில் 708 வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது 160கூட இல்லை. முதல் ஆண்டு முழுக்க லட்சத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கட்டிய பிறகு அசல் குறைந்தது 2,000கூட முழுதாக இல்லை. தவணையில் அசலின் பங்கு வட்டியின் பங்கைத் தாண்டுவதற்கு ஏறக்குறைய 12 ஆண்டு ஆகிறது. பாதி அசல் அடைவதற்கு 13 ஆண்டு 10 மாதம். முழுக் காலமும் கட்டினால் வாங்கிய ஒரு லட்சத்துக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் திரும்பக் கொடுக்கிறோம். வங்கி இதில் எதையும் மறைக்கவில்லை. மீதமுள்ள அசலுக்குத்தான் வட்டி என்பதால், அசல் பெரிதாக இருக்கும் தொடக்க ஆண்டுகளில் வட்டியும் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். அதே காரணத்தால் தொடக்கத்தில் கட்டும் கூடுதல் பணத்துக்குத்தான் பலமும் அதிகம்.

அட்டவணையைப் பார்த்ததும் அடுத்த மாதமே கூடுதலாகக் கட்டிவிடலாம் என்று ஆசை வந்தது. ஆனால் முதல் இரண்டு ஆண்டும் ஒரு காசுகூடக் கூடுதலாகக் கட்டவில்லை. வீட்டுக் கடனைவிட அதிக வட்டியில் ஒரு தனிநபர் கடன் இருந்தது. அதை முதலில் முடித்தோம். கடன் அட்டையில் பாக்கி வைப்பதை நிறுத்தினோம். அப்புறம் மாதத் தவணையையும் சேர்த்து ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கினோம். கணவருக்கும் எனக்கும் கடன் தொகையை ஈடுகட்டும் அளவுக்கு ஆயுள் காப்பீடு எடுத்தோம். எங்களில் ஒருவர் இல்லாமல் போனால் மற்றவர் பிள்ளைகளையும் கடனையும் ஒரே சம்பளத்தில் தாங்க வேண்டியிருக்கும். கூடுதல் தவணையைவிட இதற்குத்தான் முதலிடம் என்று இன்றும் சொல்வேன். இந்த வேலையெல்லாம் முடிய இரண்டு ஆண்டு ஆனது. வட்டிக் கணக்கில் அந்த இரண்டு ஆண்டு நஷ்டம்தான். ஆனால் அவசரப் பணம் இல்லாமல் அசலில் போட்டுவிட்டு, பிறகு மருத்துவமனைச் செலவுக்கு இரு மடங்கு வட்டியில் வெளியே கடன் வாங்கும் நிலையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் போட்ட பணத்தை வேண்டும்போது திரும்ப எடுக்க முடியாது.

இரண்டாம் ஆண்டு முடிவில் கணவருக்கும் எனக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. மிச்சப் பணத்தை முதலீட்டில் போட்டால் 8.5 சதவீதத்தைவிட அதிகம் கிடைக்கும் என்பது அவர் கட்சி. கடனை அடைப்பதால் கிடைக்கும் 8.5 சதவீதம் நிச்சயமானது, அதற்கு வரி கிடையாது, சந்தை சரிந்தாலும் குறையாது என்பது என் கட்சி. இரண்டிலும் நியாயம் இருந்தது. வட்டிக்கு வரிச் சலுகை கிடைக்கும் இடங்களில் கடனின் உண்மையான செலவு குறைகிறது என்பதையும் அவர் சரியாகவே எடுத்துச் சொன்னார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: ஓய்வுக்காலச் சேமிப்பையும் பிள்ளைகளின் மேற்படிப்புச் சேமிப்பையும் எந்தச் சூழலிலும் நிறுத்தக் கூடாது, அதற்கு மேல் மிஞ்சுவதைத்தான் கடனுக்குக் கொடுக்க வேண்டும். நிறுவனமும் தன் பங்காகப் பணம் போடும் ஓய்வூதியக் கணக்கை யாரும் கடனுக்காகக் குறைத்துவிடாதீர்கள். அந்தப் பங்கை ஒரு முறை இழந்தால் பிறகு ஈடுசெய்ய முடியாது.

அடைத்த விதம் எளிமையானது. ஒவ்வோர் ஆண்டும் சம்பளம் உயர்ந்ததும் மாதத் தவணையை 5 சதவீதம் கூட்டித்தரச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். ஊக்கத்தொகை வந்தால் அதில் பாதியை அசலில் போட்டோம். 5 சதவீதம் என்றால் மிகச் சிறியதாகத் தெரியும். ஆனால் 8.5 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 5 சதவீதம் தவணையைக் கூட்டிக்கொண்டே போனால், வேறு எதுவும் செய்யாமலே 20 ஆண்டுக் கடன் 12 ஆண்டுக்குச் சற்று மேல் முடிந்துவிடுகிறது. தவணையைக் கூட்டாமல் ஆண்டுக்கு ஒரே ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டினால்கூட மூன்று ஆண்டுக்கு மேல் குறைகிறது. கூடிய சம்பளம் கைச்செலவில் கலப்பதற்கு முன்பே அதன் ஒரு பகுதி கடனுக்குப் போய்விட்டதால் வீட்டில் யாருக்கும் குறை தெரியவில்லை.

மொத்தமாக ஒரு தொகை கட்டும்போது வங்கியில் கேட்கும் ஒரு கேள்விக்குக் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும்: தவணைத் தொகையைக் குறைக்கவா, தவணைக் காலத்தைக் குறைக்கவா? பல இடங்களில் கேட்காமலே ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு முதல் முறை தவணைத் தொகையைத்தான் குறைத்திருந்தார்கள். எழுத்தில் கேட்டு மாற்ற வேண்டியிருந்தது. வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில், வாங்கிய கடனில் ஒவ்வொரு லட்சத்துக்கும் பத்தாயிரம் கூடுதலாகக் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். காலத்தைக் குறைத்தால் மூன்றரை ஆண்டு முன்பே முடியும், சுமார் 26,000 வட்டி மிச்சமாகும். தவணைத் தொகையைக் குறைத்தால் மிச்சமாவது 9,000 அளவுதான். அதே பத்தாயிரத்தை 15ஆம் ஆண்டு முடிவில் கட்டினால், காலத்தைக் குறைத்தாலும்கூட 4,400 போலத்தான் மிச்சமாகும். ஒவ்வொரு முறையும் பணம் கட்டியபின் புதிய தவணை அட்டவணையை வாங்கி அசல் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். கூடுதலாகக் கட்டியதை வருங்காலத் தவணைக்கான முன்பணமாக வரவு வைத்துவிட்டால் வட்டி குறையாது.

முன்கூட்டி அடைத்தால் அபராதக் கட்டணம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நிலையான வட்டிக் கடன்களில் இது இருக்க வாய்ப்பு அதிகம். சில வங்கிகளில் கடனோடு இணைந்த சேமிப்புக் கணக்கும் உண்டு: அதில் கிடக்கும் பணத்தின் அளவுக்குக் கடனுக்கு வட்டி கிடையாது, தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம். வருமானம் ஏறி இறங்கும் தொழில் செய்பவர்களுக்கு நல்ல ஏற்பாடு. எங்களுக்குச் சொன்ன வட்டி கூடுதலாக இருந்ததால் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

நடுவில் வட்டி விகிதம் ஏறியது. மாறும் வட்டிக் கடனில் இது நடக்கும். பெரும்பாலும் தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தை நீட்டிவிடுவதால் நமக்குத் தெரியாமலே போய்விடும். 8.5 சதவீதம் தொடக்கத்திலேயே 9.5 ஆனால், அதே தவணைக்கு 20 ஆண்டுக் கடன் 25 ஆண்டைத் தாண்டிவிடும். தகவல் வந்ததும் காலத்தை நீட்டாமல் தவணையைக் கூட்டச் சொன்னோம். அந்த ஆண்டின் 5 சதவீத உயர்வு அதற்கே சரியாகிவிட்டது.

ஏழாம் ஆண்டு மாமியாருக்கு இதய அறுவை சிகிச்சை. காப்பீடு போக மீதிச் செலவு எங்கள் கையில். அதன்பின் அவரைப் பார்த்துக்கொள்ள நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். அந்த ஓராண்டும் வழக்கமான தவணை மட்டும்தான் போனது. கூட்டவும் இல்லை, மொத்தமாகக் கட்டவும் இல்லை. ஆறு மாதச் செலவுப் பணம் பாதிக்கு மேல் கரைந்தது. ஆனால் ஒரு தவணைகூடத் தவறவில்லை, யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை. முதல் இரண்டு ஆண்டைக் கடனுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததன் பலன் அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. "கடனைக் கட்டுற காசை எனக்குச் செலவழிக்கிறீங்களே" என்று அவர் வருத்தப்பட்டபோது, "இதுக்குத்தான் அத்தை இந்தப் பணத்தை வச்சிருக்கோம்" என்று என்னால் தயங்காமல் சொல்ல முடிந்தது. அவர் தேறியபின் முதலில் அவசரப் பணத்தை நிரப்பினோம். கூடுதல் தவணையை அதற்குப் பிறகுதான் தொடங்கினோம். கணவருக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது, எனக்கும்தான். ஆனாலும் வரிசையை மாற்றவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடனைச் சொல்லி அவர்களின் படிப்பையோ விளையாட்டையோ ஆண்டுக்கொரு பயணத்தையோ குறைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வண்டி மாற்றுவதைத் தள்ளிப்போட்டோம், வீட்டு உள்அலங்கார வேலைகளைப் பகுதி பகுதியாகச் செய்தோம். பெரியவள் விவரம் தெரிந்த வயதுக்கு வந்ததும் அட்டவணையை அவளிடமே காட்டினேன். அதன்பின் மீதி அசல் எவ்வளவு என்று மாதாமாதம் அவளே கேட்பாள்.

முடிக்கும்போது வங்கியிடம் குறிப்பிட்ட தேதிக்கான மொத்த நிலுவைத் தொகையை எழுத்தில் வாங்க வேண்டும். வட்டி நாள்கணக்கில் ஏறுவதால் அந்தத் தொகை அந்தத் தேதிக்கு மட்டுமே செல்லும். இரண்டு நாள் தாமதமானாலும் சில நூறுகள் பாக்கி நின்று கணக்கு மூடாமல் இருக்கும். கட்டியபின் தானியங்கிப் பற்று உத்தரவை ரத்து செய்ய வேண்டும். கடன் தீர்வுச் சான்றிதழும் மூலப் பத்திரங்களும் திரும்ப வரும்போது, கடன் வாங்கிய அன்று கொடுத்த பட்டியலோடு ஒவ்வொரு தாளாக ஒப்பிட்டுப் பாருங்கள். எங்களுக்கு ஒரு இணைப்பு ஆவணம் விடுபட்டிருந்தது. பட்டியல் கையில் இருந்ததால் கேட்டு வாங்க முடிந்தது. சொத்துப் பதிவேட்டில் அடமானம் நீக்கப்பட்டதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கு மூடிவிட்டாலும் பதிவில் அடமானம் நிற்கலாம், வீட்டை விற்கும்போதுதான் அது தெரியவரும். கடன் வரலாற்று அறிக்கையில் 'முடிக்கப்பட்டது' என்று வந்திருக்கிறதா என்று சில வாரம் கழித்துப் பார்த்தோம். வீட்டுக் காப்பீட்டில் இருந்த வங்கியின் உரிமையையும் நீக்கினோம்.

தவணைக்குப் போன தொகை இப்போது மூன்றாகப் பிரிகிறது: பாதி ஓய்வுக்காலச் சேமிப்புக்கு, கால் பங்கு பெரியவளின் கல்லூரிக்கு, மீதி மாமியாரின் மருத்துவத்துக்கு. சம்பளம் வரும் அன்றே பணம் மாறிவிடும்படி ஏற்பாடு செய்திருக்கிறோம், தவணை போன அதே தேதியில்.