இரண்டு கண்டெய்னர்களைப் பேச வைக்க இரண்டு நாள் போச்சு

நேற்று ராத்திரிதான் ஒருவழியாக முடிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்தால், இதே இடத்தில் மாட்டுகிற யாருக்காவது ஒரு நாளாவது மிச்சமாகும்.

மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடவைக்கும் டாக்கரை நிறுவியது, கண்டெய்னருக்கு அச்சாக இருக்கும் இமேஜ்களை இறக்கியது எல்லாம் பத்து நிமிஷ வேலை. ஒரு கண்டெய்னரில் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ், இன்னொன்றில் என் செயலி, இரண்டையும் 'டாக்கர் ரன்' கொடுத்துத் தனித்தனியாக ஓடவிட்டேன். செயலியில் டேட்டாபேஸ் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் (அதாவது 'இதே கணினி') என்று போட்டால் வேலை செய்யாது, கண்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கண்டெய்னரே. அது தெரிந்ததுதான். அதனால் டேட்டாபேஸ் கண்டெய்னரின் பெயரைக் கொடுத்தேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பிழை வந்தது. எழுத்துப்பிழையோ என்று நாலு தடவை சரிபார்த்தேன், பெயர் சரியாகத்தான் இருந்தது.

பொறுமை போய், 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' போட்டு டேட்டாபேஸ் கண்டெய்னரின் ஐபி (நெட்வொர்க் முகவரி) 172.17.0.2 என்று பார்த்து அதையே கட்டமைப்பில் எழுதிவிட்டேன். உடனே ஓடியது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். மறுநாள் காலை கணினியை மறுதொடக்கம் செய்தபோது செயலி முந்திக்கொண்டு எழுந்து அந்த 0.2-ஐ எடுத்துக்கொள்ள, டேட்டாபேஸுக்கு 0.3 போய்விட்டது. செயலி தன் கதவையே தட்டிக்கொண்டு 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. நானோ மூன்று மணி நேரம் டேட்டாபேஸின் லாக்கைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

காரணம் இதுதான்: நெட்வொர்க் எதுவும் சொல்லாமல் ஓடவிட்டால் கண்டெய்னர் 'பிரிட்ஜ்' என்ற இயல்பான நெட்வொர்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே ஒரு கண்டெய்னர் இன்னொன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. நாமே உருவாக்கும் நெட்வொர்க்கில் மட்டும்தான் டாக்கரின் சொந்த டிஎன்எஸ், 127.0.0.11 என்ற முகவரியில், பெயரை ஐபியாக மாற்றிக் கொடுக்கும்.

சரி, 'டாக்கர் நெட்வொர்க் கிரியேட்' என்று ஒன்றை உருவாக்கினேன். பிறகு 'டாக்கர் நெட்வொர்க் கனெக்ட்', இதில் முதலில் நெட்வொர்க்கின் பெயர், அப்புறம்தான் கண்டெய்னரின் பெயர். நான் மாற்றிப் போட்டுவிட்டு, அப்படி ஒன்றே இல்லை என்ற பதிலைப் பார்த்து விழித்தேன். ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னரை நிறுத்தாமலேயே இணைக்கலாம் என்பது பெரிய நிம்மதி. இரண்டையும் இணைத்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வந்தது, அந்த நொடியில் எழுந்து ஒரு நடை போய்வந்தேன்.

அடுத்த அடி விபிஎன் (தொலைவிலுள்ள நெட்வொர்க்கோடு இணைக்கும் தனிப் பாதை) வழியாக வந்தது. புது நெட்வொர்க்குக்கு டாக்கர் தானாகத் தேர்ந்தெடுத்த முகவரி வரம்பு 172.18.0.0/16. நான் விபிஎன் மூலம் போகும் சர்வரும் அதே வரம்பில் இருந்ததால் அதைத் தொட முடியவில்லை. அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கலாம் என்றால், இன்னும் இணைப்புகள் இருக்கின்றன என்று அழிக்க மறுத்தது. ஒவ்வொரு கண்டெய்னரையும் 'டிஸ்கனெக்ட்' செய்த பிறகுதான் அழிந்தது. உருவாக்கும்போதே சப்நெட்டை, அதாவது முகவரி வரம்பை, நீங்களே கொடுத்துவிடுங்கள், விபிஎன் எந்த வரம்பைப் பிடித்திருக்கிறது என்று முன்னாடியே பார்த்துக்கொண்டு.

கடைசியாக ஒன்று, இதுதான் என்னை ரொம்பவே நோகடித்தது. கையால் இணைத்த இணைப்பு அந்தக் கண்டெய்னரோடுதான் வாழும். ரீஸ்டார்ட் செய்தால் இருக்கும். ஆனால் புது இமேஜ் வந்தது என்று பழையதை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி ஓடவிட்டால், புதியது மீண்டும் 'பிரிட்ஜ்'-க்கே போய்விடும். நேற்று மாலை எனக்கு நடந்தது அதுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஒரு சின்ன மாற்றத்தை ஏற்றியபோது. இப்போது கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்ட்டில் போட்டிருக்கிறேன்: 'டாக்கர் கிரியேட்', பிறகு 'நெட்வொர்க் கனெக்ட்', அதன்பின் 'ஸ்டார்ட்'. இந்த வரிசையில் செயலி எழும்போதே நெட்வொர்க் தயாராக இருக்கும். வேண்டுமென்றே இரண்டு கண்டெய்னர்களையும் அழித்துவிட்டு ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்த்தேன், 'நெட்வொர்க் இன்ஸ்பெக்ட்' இரண்டு பெயர்களையும் காட்டியது, செயலியும் டேட்டாபேஸைப் பிடித்துக்கொண்டது.