விழும் இமையும் மின்விலாங்கும்

காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது ஒன்றுமில்லை. அந்தியில் மடுவத்தில் நிறுவைக்கு நிற்கையில் இமை சரிகிறது, ஒன்று இரண்டாகத் தெரிகிறது, ரொட்டி மெல்லத் தாடை சோர்கிறது. இரத்தசோகை என்று இரும்புக் குளிசை கொடுத்து அனுப்புவது சுலபம். ஆனால் உழைக்க உழைக்கக் கூடி, ஓய்வில் குறையும் பலவீனம் என்றால் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோயை நினைக்க வேண்டும்.

இதன் காரணம் பிடிபட்டதே தற்செயல்தான். 1973இல் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ரோம் என்ற ஆய்வாளர்கள் மின்விலாங்கிலிருந்து பிரித்த அசிட்டைல்கோலின் ஏற்பியை (நரம்பின் கட்டளையைத் தசையில் வாங்கும் புரதம்) முயல்களுக்கு ஊசியில் ஏற்றினார்கள். தேடியது அந்த ஏற்பிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியை (antibody). கிடைத்தது தளர்ந்து விழுந்த முயல்கள். நரம்புக் கட்டளையை வலுப்படுத்தும் நியோஸ்டிக்மின் மருந்து கொடுத்ததும் தேறின. அந்தப் பிறபொருளெதிரி முயல்களின் சொந்த ஏற்பிகளையே தாக்கியிருந்தது; நோயாளியின் உடலிலும் நடப்பது இதுதான். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் ஏற்பிகள் குறைந்தால், அடுத்தடுத்த கட்டளைகளுக்குத் தசை மசிவதில்லை.

தோட்ட டிஸ்பென்சரியிலேயே ஒரு சோதனை செய்யலாம். இமை இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து, மூடிய கண்மேல் துணி சுற்றிய ஐஸை 2 நிமிடம் வைத்து, எடுத்த உடனே மீண்டும் அளக்கவும். 2 மி.மீ. உயர்ந்தால் சந்தேகம் வலுக்கும். அளவுக்கு மீறி வைத்தால் தசையே குளிர்ந்து வலுவிழக்கலாம், முடிவு பொய்க்கலாம். நுவரெலியாக் குளிரில் காலையில் பார்த்துவிட்டு ‘கண் நல்லாத்தானே இருக்கு’ என்று அனுப்புவதும் ஏமாற்றம்தான், மாலையில் பாருங்கள்.

இந்த நோய்க்குக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் 60 மி.கி. குளிசை அரைமணியில் வேலை செய்யும், மூன்று நான்கு மணிநேரம் நிற்கும். விழுங்கச் சிரமப்படுபவர் சாப்பாட்டுக்கு அரைமணி முன் எடுக்க வேண்டும். இந்த நோயாளிக்குக் காய்ச்சல் என்று ஜென்டாமைசினோ சிப்ரோஃபிளாக்சசினோ போன்ற கிருமிக்கொல்லி மருந்தை யோசிக்காமல் கொடுத்தால் மூச்சே திணறலாம்.