இலக்கம் 25

பரிஸுக்கு வெளியே ஒரு வயோதிபர் இல்லத்தில் பதினொரு வருடமாக இரவு வேலை செய்கிறேன். ஒருவர் முடியப்போகிறார் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு ஃபோன் எடுக்க வேண்டும். தாதிக்குக் கை ஓயாத இரவுகளில் அது என் தலையில் விழும்.

பிரெஞ்சுப் பாடகி பார்பராவை எனக்குக் கேட்கத் தந்தவர் அங்கிருந்த ஒரு மூதாட்டி. கைக்குக் கிரீம் பூசிக்கொண்டிருந்தேன். 'நாந்த்' பாட்டு தொடங்கியதும் என் விரல்களைப் பிடித்து நிறுத்திவிட்டார். முடியும்வரை விடவில்லை.

1959 டிசம்பரில் நாந்த் நகரில் பார்பராவின் தந்தை இறந்தார். குடும்பத்தை விட்டு எப்போதோ போனவர். மகள் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. அதைத்தான் பாடுகிறார், பியானோவோடு, கிட்டத்தட்டப் பேசுவதுபோல. மழை, ரயில் நிலையம், கிராஞ்ஜ் ஓ லூ தெரு இலக்கம் 25-க்கு விரைந்து வரச் சொல்லும் செய்தி, தாழ்வார முடிவில் ஓர் அறை. உள்ளே நாலு ஆண்கள் எழுந்து நிற்கிறார்கள். அவர்களின் பார்வையிலேயே அவருக்கு விளங்கிவிடுகிறது. 'அப்பா' என்ற சொல் கடைசியில்தான் வருகிறது. அதற்குமுன் அவர் வெறும் நாடோடி, காணாமல் போனவர். எனக்கு அழுகை வந்தது அந்த விலாசத்தில். இத்தனைக்கும் அப்படியொரு தெருவே அப்போது நாந்தில் இல்லை. 1986-ல்தான் நகரம் ஒரு தெருவுக்கு அந்தப் பெயரை வைத்தது. திறந்துவைக்கப் பார்பராவே போனார்.

சிறு வயதில் தந்தை தனக்குச் செய்த கொடுமையைப் பார்பரா தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1997-ல் அவர் இறந்து, அடுத்த வருடம் அது வெளிவந்தது. பாட்டில் அதைப்பற்றி ஒரு வரி கிடையாது. அதை அறிந்தபிறகு, வராத பிள்ளைகளைப்பற்றி வேலையிடத்தில் யாராவது குறை சொன்னால் நான் சேர்ந்து கதைப்பதில்லை.

போன மாரியில் ஒரு மகனுக்கு ஃபோன் எடுத்தேன். நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "விலாசம் சொல்லுங்கள்" என்றார். தகப்பன் எங்கே இருக்கிறார் என்றே அவருக்குத் தெரியாது. தெருவையும் இலக்கத்தையும் இரண்டு தரம் சொன்னேன். விடிய நாலரைக்கு வந்தார். நாங்கள் தகப்பனின் கண்ணை மூடிவிட்டு, விரிப்பை நேராக்கி, கட்டிலடியில் இருந்தோம். கதவு திறந்ததும் நானும் தாதியும் கதிரையை விட்டு எழுந்தோம். அவர் எங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றியபோது உள்ளங்கையில் எங்கள் தெருவின் பெயர், நீல மையில்.