கடைசி ஆறு நிமிடம்

19 வருடமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஹொக்கி பழக்குகிறேன். தோற்ற ஆட்டங்களில் அநேகமானவை மறந்துவிட்டன. ஒரு ஆட்டத்தின் கடைசி ஆறு நிமிடம் மட்டும் மறக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு ஆடி மாதம். சோளகம் மைதானத்துப் புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் புல் கருகிவிடும். பந்து உருண்டு வராது, துள்ளித்தான் வரும். அதை ஒரே தொடுகையில் அடக்கத் தெரிந்தவள், நடுவில் நின்று ஆடும் எங்கள் சென்ரர் ஹாஃப். ஸ்ரிக்கை முன்னுக்குச் சரித்து, கையை இளக்கி, பந்தை வாங்குவாள். முழங்கால் உயரத்துக்குத் துள்ளி வந்த பந்து அவளுடைய ஸ்ரிக்கடியில் பேசாமல் கிடக்கும். அது நான் பழக்கினது இல்லை, அவளாகப் பிடித்துக்கொண்டது.

ஆட்டம் 1-1. நடுவரோடு வாய் காட்டிப் பச்சை அட்டை வாங்கி, இரண்டு நிமிடம் வெளியே இருந்துவிட்டு வந்திருந்தாள். கோபம் ஆறவில்லை. எதிரணிப் பிள்ளை ஒருத்தியின் காலுக்குக் கிட்ட இரண்டு தரம் ஸ்ரிக்கை வீசினாள். அடுத்தது மஞ்சள் அட்டைதான் என்று எனக்குப் பட்டது. மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து நிமிடம். மிச்ச ஆட்டத்தைப் பத்துப் பேரோடுதான் விளையாட வேண்டிவரும். வெளியே கூப்பிட்டேன்.

"ஏன் சேர்?"

"இரு."

அவ்வளவுதான் சொன்னேன். வழக்கமாகச் சொல்லும் 'பிள்ளை' கூட வாயில் வரவில்லை. கண் மைதானத்தில் இருந்தது.

ஹொக்கியில் வெளியே எடுத்த ஆளை எத்தனை தரமும் திரும்ப இறக்கலாம். கொஞ்சம் ஆறட்டும், தண்ணி குடிக்கட்டும், இரண்டு நிமிடத்தில் அனுப்புவம் என்பதுதான் என் கணக்கு. அது என் மனதுக்குள்ளேயே இருந்தது. பின்னால் 'சர்ர்' என்று ஒரு சத்தம். திரும்பினால், கீழ்க்காலில் கட்டும் காப்பான ஷின் கார்ட்டின் பட்டியைப் பிரித்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். தன்னுடைய ஆட்டம் முடிந்துவிட்டதென்று நினைத்துவிட்டாள்.

வாயைத் திறக்க முதல் விசில். எங்கள் கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் எங்கள் பிள்ளை ஒருத்தியின் காலில் பந்து பட்டிருந்தது. பெனால்ரி கோர்னர்: எதிரணி கோல் பக்கக் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிக் கொடுத்து, கோலுக்கு அடிக்கிற வாய்ப்பு. அது கொடுபட்டால் முடியும்வரை ஆள் மாற்ற ஏலாது. கோல் காப்பாளரோடு சேர்த்து எங்கள் ஐந்து பேர் அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்க வேண்டும், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால். பந்து தள்ளுபட்ட உடனே அடிக்கிறவளை நோக்கி முதல் ஆளாகப் பாய்கிறவள் இவள்தான். வரப்போகிற அடிக்கு நேரே ஓடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்த இடத்தில் அன்றைக்கு நின்றது, அதை இரண்டு நாள் மட்டும் பழகின சின்னப்பிள்ளை. ஓரடி பிந்திவிட்டாள். கோல் பலகையில் 'டொக்' என்று பந்து மோதினது வெளியே நின்ற எனக்கும் கேட்டது. 2-1. அப்படியே முடிந்தது.

அவளை எடுத்தது பிழை என்று பலர் சொன்னார்கள். நான் இன்றைக்கும் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கோபத்தோடு அவளை விட்டிருந்தால் மஞ்சள் நிச்சயம். ஆனால் அவள் வெளியே வந்தால் கோர்னருக்கு யார் ஓடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. அது என்னுடைய வேலை. அந்தச் சின்னப்பிள்ளை அழுததற்கு நான்தான் காரணம்.

திரும்பும்போது பஸ் வல்லை வெளியில் காற்றுக்கு ஆடி ஆடிப் போனது. பின் சீற்றில் இவள் அந்தச் சின்னப்பிள்ளையை அணைத்துக்கொண்டிருந்தாள். "ஸ்ரிக்கை நிலத்தோட பதிச்சுக்கொண்டு ஓட வேணும். நாளைக்கு நான் காட்டித்தாறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோபம் எல்லாம் எங்கேயோ போயிருந்தது.

நெல்லியடியில் இறங்கும்போது கூப்பிட்டுச் சொன்னேன். "பிள்ளை, உன்னைத் திரும்ப இறக்கத்தான் இருந்தனான்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அதை அப்பவே சொல்லியிருந்தா நான் கழட்டியிருக்க மாட்டன், சேர்."

இப்போது யாரை வெளியே எடுத்தாலும் முதலில் கிட்டப் போகிறேன். "இரண்டு நிமிஷம், பிள்ளை. தண்ணியைக் குடி. ஷின் கார்ட்டைக் கழட்டாதை."