பத்மினிக்குள் ஜிப்ஸி இன்ஜின்: மவுண்ட் வேலை நாட்குறிப்பு, தாராவி

ஜூன் 7, 2025, சனி

வண்டி 1996 பிரீமியர் பத்மினி. இன்ஜினைப் பாடியோடு பிணைத்துத் தாங்கும் மவுண்டுகளைச் செய்வதுதான் வேலை. உள்ளே இறங்குவது மாருதி ஜிப்ஸியின் ஜி13பிபி: 1298 சிசி, 16 வால்வு, ஐந்து கியர். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது முன்-பின் சக்கரங்களுக்கு இழுப்பைப் பிரிக்கும் பெட்டி, கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. நடுவே ஒரு குட்டை ஷாஃப்ட் போட்டுத் தனியாகத் தொங்கும். அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது பின்சக்கரத்துக்கு மட்டும் இழுப்பு போகும் வண்டிக்கு ஏற்ற கியர்பாக்ஸ். பத்மினிக்கு இது பொருந்துவதற்கு முதல் காரணமே அதுதான்.

இன்ஜின் மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இல் வருகிறது. ஆர்டிஓ அனுமதி கைக்கு வந்த பிறகுதான் கட்டிங் வீலைத் தொட வேண்டும்.

இன்று இறக்கிப் பார்ப்பது மட்டும். மொட்டை இன்ஜினை இறக்கி அளவெடுத்தால் பிறகு அழ வேண்டிவரும். ஃப்ளைவீல், கிளட்ச், பெல் ஹவுசிங், இரண்டு மேனிஃபோல்டு, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஆயில் ஃபில்டர் எல்லாம் மாட்டிய நிலையில் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, சம்ப்புக்கும் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கியர்பாக்ஸுக்கும் அடியில் மரக்கட்டை. நான்கு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும். ஜாக்கியில் நின்ற வண்டியில் எடுத்த கோணம் எதற்கும் உதவாது.

ஜூன் 8, ஞாயிறு

இடைவெளி: சம்ப்புக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் 20 எம்எம். பெல் ஹவுசிங்குக்கும் (கிளட்ச்சை மூடும் கூடு) ஃபயர்வாலுக்கும் (இன்ஜின் அறையின் பின்தகடு) 25. ஸ்டியரிங் பாக்ஸ் பக்கம் 25-க்குக் குறையக்கூடாது, ஏனென்றால் இன்ஜின் உருளும்போது முதலில் முட்டுவது அங்கேதான். ஆயில் ஃபில்டரைக் கழற்றக் கை நுழைகிறதா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும்.

கோணம்: கியர்பாக்ஸ் வால் பின்நோக்கி 3 டிகிரி கீழே. ஆக்ஸிலின் பினியன் மூக்கு, அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் முனை, முன்நோக்கி 2 டிகிரி மேலே. இரண்டும் 3 ஆக இருந்தால்தானே இணையாக வரும் என்று கேட்கலாம். பின்னால் லீஃப் ஸ்பிரிங். இழுப்பு ஏறும்போது ஆக்ஸில் சுழன்று பினியன் மூக்கு சுமார் ஒரு டிகிரி தூக்கும், ஓட்டத்தில் இணையாகிவிடும். கியர்பாக்ஸையும் ஆக்ஸிலையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சரிவு 4.5 டிகிரி வருகிறது, அதனால் ஓட்டத்தில் அதன் இரு முனை மூட்டிலும் உள்ள கிராஸில் வேலைக் கோணம் 1.5 டிகிரி. இதைப் பூஜ்யமாக்க முயலக்கூடாது. கோணமே இல்லாவிட்டால் கிராஸில் உள்ள நீடில்கள் (ஊசி போன்ற பேரிங் உருளைகள்) உருளாமல் ஒரே இடத்தில் அடித்துக் குழி விழும்.

ஜூன் 11, புதன்

இன்றைக்குக் கணக்கு. மவுண்ட் என்றதும் எல்லோரும் எடையை நினைக்கிறார்கள். எடை ஒரு பொருட்டே இல்லை. இந்த இன்ஜின் பிளாக்கே அலுமினியம். மவுண்டைக் கிழிப்பது முறுக்கு. இன்ஜின் டார்க் சுமார் 103 நியூட்டன் மீட்டர், முதல் கியர் சுமார் 3.65. கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒரே உடம்பு என்பதால் மவுண்டுக்கு வருவது பெருக்கிய டார்க்: 376 நியூட்டன் மீட்டர். இரண்டு மவுண்டுக்கும் இடையே 480 எம்எம். ஆக ஒரு பக்கம் ஏறக்குறைய 80 கிலோ மேலே தூக்கும், மறுபக்கம் அதே அளவு கீழே அழுத்தும். கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் இதைவிட எவ்வளவோ அதிகம்.

முன்னாலிருந்து பார்த்தால் கிராங்க் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. பிளாக் எதிர்த்திசையில் திருகும். அப்போது மேலே எழும்புவது வண்டியின் இடது பக்கம். இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவே ரப்பர் ஒட்டிய சாதா மவுண்டை அங்கே போட்டால் ரப்பர் இழுபடும், ஒட்டு பிரியும். ரப்பர் அழுந்துவதற்குப் பிறந்தது, இழுபடுவதற்கு அல்ல.

ஆகவே புஷ் வகை: நடுவே இரும்பு ஸ்லீவ் உள்ள ரப்பர் உருளை. இன்ஜின் கையில் ஒரு குழாய், அதற்குள் புஷ், பாடி பக்கம் யு வடிவப் பிராக்கெட், ஊடே 12 எம்எம் போல்ட். மேலே தூக்கினாலும் கீழே அழுத்தினாலும் ரப்பரின் ஒரு பக்கம் அழுந்திக்கொண்டே இருக்கும். ரப்பரே கிழிந்தாலும் இன்ஜின் போல்ட்டை விட்டு எங்கும் போகாது.

ஜூன் 14, சனி

நாக்தேவி தெருவில் போல்ட். ஜிப்ஸி பிளாக்கில் இருப்பது எம்10, பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) 1.25. கடையில் வெறுமனே எம்10 என்று கேட்டால் 1.5 பிட்ச்தான் வரும். முதல் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும். அங்கே ஸ்பானரை அழுத்தினால் அலுமினிய மரை போய்விடும். கையால் கடைசி வரை ஏறாத போல்ட்டைத் தொடவே கூடாது. 8.8 கிரேடு, மரைக்குள் 20 எம்எம் இறங்க வேண்டும், 45 நியூட்டன் மீட்டர் போதும்.

புஷ் வெளிவிட்டம் 44, நீளம் 50, உள் ஸ்லீவ் 56. ஸ்லீவ் இரண்டு பக்கமும் 3 எம்எம் நீண்டிருப்பது முக்கியம். யு பிராக்கெட் இறுகும்போது ஸ்லீவைத்தான் பிடிக்க வேண்டும், ரப்பரை அல்ல. பிராக்கெட் உள் அகலம் 56.5.

பாலியூரித்தேன் புஷ் வேண்டாம். மோனோகாக் வண்டியில் (தனிச் சேஸிஸ் இல்லாமல் பாடியே சட்டமானது) ஐடிலிங்கிலேயே டேஷ்போர்டு நடுங்கும். அதைவிட மோசம் கலந்து போடுவது. முன்னே ரப்பர், கியர்பாக்ஸ் வாலில் இரும்பு என்று வைத்தால் உருளும் விசை முழுக்க அந்த அலுமினியக் காதில் போய் விழும், காது விரியும். மூன்று மவுண்டிலும் ஒரே மாதிரி ரப்பர், கடினம் ஷோர் ஏ 60 அளவில்.

ஜூன் 15, ஞாயிறு

அட்டை டெம்ப்ளேட். பிளாக்கோடு சேரும் தகடு 6 எம்எம், கை 5 எம்எம், உள்ளே ஒரு கசெட் (மூலையைத் தாங்கும் முக்கோணத் தகடு). கசெட்டின் மூலையை வெட்டிவிட வேண்டும். கூர்மையாக முடிந்தால் வெல்டின் ஓரத்திலிருந்தே வெடிப்பு கிளம்பும். பாடி பக்கம் தகடு மெல்லியது. 3 எம்எம்மில் 150க்கு 100 அளவில் ஒரு ஒட்டுத்தகடு. பெட்டிச் சட்டத்தை ஊடுருவும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் உள்ளே ஒரு குழாய். இல்லாவிட்டால் முறுக்க முறுக்கச் சட்டம் நசுங்கும், போல்ட் என்றைக்கும் இறுகாது.

புஷ் உட்காரும் குழாய்க்கு ஈஆர்டபிள்யூ பைப் (தகட்டை வளைத்து வெல்டு செய்தது) வேண்டாம். உள்ளே விரலை விட்டால் நீளவாக்கில் வெல்டு வரம்பு தட்டுப்படும். வெல்டு வரம்பே இல்லாத சீம்லெஸ் பைப்தான்.

ஜூன் 21, சனி

மழையில் வெல்டிங் ராடு ஈரம் வாங்கிவிட்டது. முதல் டாக்கிலேயே (தற்காலிகப் புள்ளி வெல்டு) புள்ளிப் புள்ளியாகத் துளை. அரைத்து எடுத்துவிட்டு, ராடை அடுப்பில் காயவைத்து மறுபடியும்.

வண்டியில் டாக் மட்டும். பேட்டரியும் இசிஎம் (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி) சாக்கெட்டும் கழற்றியாக வேண்டும். எர்த் கிளாம்ப் வெல்டுக்கு ஒரு சாண் தூரத்தில், அதே பிராக்கெட்டில். இன்ஜினில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் போகும். முழு வெல்டு மேசையில், ஒரு பழைய ஜி13 பிளாக்கில் முறுக்கிவைத்து. வெல்டு ஆறும்போது இழுக்கும். பிடிப்பில்லாமல் அடித்தால் ஓட்டைகள் 2 எம்எம் தள்ளிப்போகும்.

புஷ்ஷை உள்ளே வைத்து வெல்டு அடித்தால் ரப்பர் கருகும். குழாயின் உள்விட்டத்தை 43-இல் விட்டு, வெல்டு முடித்து, ஆறிய பிறகு லேத்தில் 43.93 வரை உட்பக்கம் கடைய வேண்டும். முதலிலேயே சரியாகக் கடைந்தால் வெல்டு சூட்டில் குழாய் முட்டை வடிவமாகிவிடும். “அண்ணாச்சி, கடைசி வெட்டு மெல்லிசா எடுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

ஜூன் 22, ஞாயிறு

கியர்பாக்ஸ் குறுக்குச் சட்டம்: 40க்கு 40 பெட்டிப் பைப், சுவர் 3 எம்எம். பாடியில் போல்ட் போட்டுக் கழற்றும்படி. இல்லையென்றால் அடுத்த கிளட்ச் வேலைக்கு இன்ஜினையே தூக்க வேண்டும். ஓட்டைகள் நீளவாக்கில் 15 எம்எம் ஸ்லாட்.

எல்லா போல்ட்டும் கையால் மட்டும். இன்ஜினின் முழு எடையும் மவுண்டில் உட்கார்ந்த பிறகு இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு, முதலில் பிளாக் போல்ட், பிறகு கியர்பாக்ஸ் சட்டம், கடைசியில் புஷ்ஷின் 12 எம்எம் போல்ட். தொங்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் முறுக்கேறிய நிலையில் பூட்டிக்கொள்ளும், சில மாதத்தில் கிழியும்.

பிளாக்கிலிருந்து பாடிக்கு எர்த் பட்டை. ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும். பட்டை மறந்தால் ஸ்டார்ட்டர் கரன்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியே திரும்பும், கேபிள் உள்ளேயே உருகும்.

ஜூன் 28, சனி

ஸ்டார்ட். எல்லா நட்டிலும் மஞ்சள் பெயின்ட் கோடு. ஹேண்ட் பிரேக், கால் பிரேக் இரண்டும் அழுத்தி, முதல் கியரில் கிளட்ச்சை லேசாகக் கடிக்கவிட்டபோது இடது பக்கம் 7 எம்எம் எழுந்தது. ரிவர்ஸில் வலது பக்கம் 6. எதுவும் எதிலும் முட்டவில்லை. எக்ஸாஸ்ட்டில் ஃப்ளெக்ஸ் பைப் இன்னும் போடவில்லை. அது இல்லாமல் ரோட்டில் ஓட்டினால் மேனிஃபோல்டு ஸ்டட் உடையும்.

100 கிலோமீட்டரில் போல்ட்டுகளை மறுபடி டார்க் அளவுக்கு இறுக்கிப் பார்க்க வேண்டும். வெல்டு ஓரங்களைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், அதனால் மவுண்டுக்கு இப்போதைக்குச் சாம்பல் பிரைமர் மட்டும். கறுப்பு பெயின்டில் மயிரிழை வெடிப்பு தெரியாது.